விசிட்டிங் கார்டை வீசாதே! கையில் கொடு!

பேச்சுக்குப் பஞ்சமா நம்ம ஊரில்? டீக்கடை பெஞ்சில் பேச்சு. பஸ் ஸ்டாப்பில் பேச்சு. இப்போது போனிலும் பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பெயர் "பாட்காஸ்ட்".

ரேடியோ மாதிரிதான். ஆனால் நிலையம் கிடையாது, நேரம் கிடையாது. ஒருவர் பேசிப் பதிவு செய்து இன்டர்நெட்டில் போட்டு விடுகிறார். நாம் நினைத்தபோது கேட்கலாம். "ஐபாட்" என்ற பாட்டுப் பெட்டியின் பெயரோடு "பிராட்காஸ்ட்" என்ற சொல்லை ஒட்டுப் போட்டு, 2004-ல் பிறந்த பெயர் இது.

பேச ஆள் இருக்கிறது. கேட்க?

அங்கேதான் தகராறு! சினிமா நட்சத்திரம் பேசினால் லட்சம் பேர் கேட்பார்கள். சைக்கிள் கடைக்காரர் மகன் பேசினால் யார் கேட்பார்? மாமா கேட்பார். மச்சான் கேட்பான். பத்தாவது பேச்சோடு பையன் மைக்கை மூட்டை கட்டி விடுவான். நல்ல விஷயம் தெரிந்த எத்தனையோ பேர் இப்படித்தான் வாயை மூடிக் கொண்டார்கள்.

இதற்கு இப்போது சிலர் பழைய வைத்தியத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். விசிட்டிங் கார்டு!

"போன் காலத்தில் அட்டையா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் நூறு செய்தியில் உங்கள் செய்தியும் ஒன்று. விரலால் தள்ளினால் போச்சு! ஆனால் சட்டைப் பையில் போன அட்டை, இரவு சட்டையைக் கழற்றும்போது இன்னொரு தடவை கண்ணில் படும்.

ஆகவே கார்டு நல்லது. அதைக் கொடுக்கிற விதம்தான் சரியில்லை.

வீசினால் குப்பை!

ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் சாதாரண கார்டு ஆயிரம் அடிக்க சில நூறு ரூபாய்தான் ஆகும். விலை மலிவு என்பதால் வாரி இறைக்கிறார்கள். மின்சார ரயிலில் சீட்டுக்குச் சீட்டு வைக்கிறார்கள். ஏ.டி.எம். கதவில் செருகுகிறார்கள். அடுத்த நாள் அது துப்புரவுப் பணியாளர் கூடையில்!

கேட்டால் அமெரிக்காவின் ஜோ ஜிரார்டைக் காட்டுவார்கள். கார் விற்றவர் அவர். விளையாட்டு மைதானத்தில் கார்டுகளைக் கட்டுக் கட்டாக வீசியவர். 15 ஆண்டுகளில் 13,001 கார் விற்றார். உண்மைதான்.

ஆனால் அவர் வீசியதோடு நின்றாரா? கார் வாங்கியவர்களுக்கு மாதா மாதம் வாழ்த்து அட்டை அனுப்பினார்! வீசியதைப் பார்த்தவர்கள், விசாரித்ததை மறந்து விட்டார்கள்.

கையில் வேலை, காது சும்மா!

யாருக்குக் கொடுக்க வேண்டும்? கை வேலையில் இருந்து, காது சும்மா இருப்பவருக்கு!

தையல்காரர் இருக்கிறார். மெக்கானிக் இருக்கிறார். நகைப் பட்டறைத் தொழிலாளி இருக்கிறார். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்து நிற்கும் குமாஸ்தா இருக்கிறார். இவர்களால் படம் பார்க்க முடியாது. பேச்சுக் கேட்க முடியும்.

பைக் ரிப்பேர் பற்றிப் பேசுகிறாயா? புதுப்பேட்டைக்குப் போ. ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போ. கேரம் பற்றிப் பேசுகிறாயா? வடசென்னை கேரம் மன்றங்களில் ஏறி இறங்கு. "அண்ணே, கிளட்ச் பிளேட் பத்திப் பேசியிருக்கேன். ரெண்டு நிமிஷம் கேளுங்க" என்று சொல்லிக் கொடு. அவர் நாலு பேரிடம் சொல்வார்.

ஆயிரம் பேருக்கு வீசுவதைவிட ஐம்பது பேர் கையில் கொடுப்பது மேல்.

அட்டையில் என்ன இருக்கணும்?

முதலில், என்ன பேச்சு என்று ஒரே வரி. அப்பா பெயர், பட்டம், பூப்போட்ட பார்டர் எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது, பெயரை இங்கிலீஷ் எழுத்திலும் அடிக்க வேண்டும். "திண்ணை" என்று பெயர் வைத்தால், தேடுகிறவர் "டி" போடுவாரா, "டி.எச்." போடுவாரா? எந்த எழுத்தில் தேடினால் கிடைக்கும் என்பது அட்டையிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, க்யூ.ஆர். கட்டம். டீக்கடையில் பணம் கட்டுகிறோமே, அதே கட்டம்தான். 1994-ல் ஜப்பானில் டென்சோ கம்பெனி கார் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. அட்டையில் அது 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் போன் முழிக்கும்!

இதில் ஒரு பொறி இருக்கிறது. "இலவசம்" என்று கட்டம் போட்டுத் தரும் சில கம்பெனிகள், தங்கள் வாசல் வழியாகவே ஆளை அனுப்புகின்றன. கெடு முடிந்ததும் பணம் கேட்கும். கட்டாவிட்டால் கட்டம் செத்தது, அட்டையும் செத்தது! நேராக உங்கள் விலாசத்துக்கே போகும் கட்டமாக வாங்குங்கள்.

அடுத்தவன் முத்திரையை நம்பியும் அடிக்காதீர்கள். "கூகுள் பாட்காஸ்ட்ஸ்" என்ற செயலியையே 2024-ல் மூடிவிட்டார்கள். அந்த முத்திரை போட்ட அட்டைகளை இனி மளிகைக் கணக்குப் போடத்தான் பயன்படுத்தலாம்.

கடைக்காரர்களுக்கு

"தெரியாத கட்டத்தைத் தொட்டால் பணம் போயிடுமே!" என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். பேச்சுக் கேட்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. கேட்டால் உடனே மூடி விடுங்கள். ஆனால் பையன் நேரில் வந்து நின்றால் முகத்தைத் திருப்ப வேண்டாம். "போட்டுக் காட்டுப்பா" என்று சொல்லுங்கள். அவன் போனிலேயே இரண்டு நிமிடம் கேளுங்கள். பிடித்தால் பத்து அட்டையைக் கல்லாப் பக்கம் வையுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அட்டை வாசல் வரைதான் அழைத்து வரும். உள்ளே சரக்கு இருக்க வேண்டும். பேச்சில் சரக்கு இல்லாமல் தங்க முலாம் பூசிய கார்டு அடித்தாலும் பயன் இல்லை.

சரக்கு இருக்கிறதா தம்பி? அப்படியானால் ரயில் சீட்டில் வைக்காதே. ஆளைப் பார்த்துக் கொடு!