எழுதியவர் பெயரும் வேண்டும்
2023 மார்ச்சில் பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபைக்கும் இசை நிறுவனமான ஜீ மியூசிக்குக்கும் உரிமப் பேச்சு படியாமல் போக, பல இந்திப் பாடல்கள் அந்தச் செயலியிலிருந்து மறைந்தன. வாடகைப் பாட்டின் லட்சணம் அதுதான். பழைய கணினி ஒன்றில் நேவிட்ரோம் என்ற இசைச் சேவையக மென்பொருளை நிறுவி, வாங்கிய குறுந்தகடுகளை ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக்கி ஏற்றிவிட்டால், யார் யாரோடு முறித்துக்கொண்டாலும் நம் பாட்டு நம்மிடமே இருக்கும். ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறு: ஒவ்வொரு கோப்பிலும் விவரங்களை நாமே எழுதலாம். செயலிகளில் கலைஞர் என்ற ஒரே இடத்தில் இசையமைப்பாளரும் பாடகரும் நெருக்கியடித்து நிற்க, பாடலாசிரியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. என் தொகுப்பில் கண்ணதாசனுக்கும் பட்டுக்கோட்டையாருக்கும் வாலிக்கும் தனி இடம் உண்டு. கண்ணதாசன் பெயரைத் தட்டினால் விஸ்வநாதன்-ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன், இளையராஜா என மெட்டு மாற மாற, அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் ஒரே பேனாவைக் கேட்க முடிகிறது. இசையமைப்பாளரையோ பாடகரையோ வைத்துக் கேட்டபோது எனக்கு இது புலப்படவே இல்லை. விவரம் நிரப்ப நேரம் பிடிக்கும்தான். கணினியின் வட்டு பழுதாகலாம் என்பதால் இன்னொரு நகலும் கட்டாயம். இந்தச் சிரமத்துக்கு அஞ்சாதவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள். பாடலாசிரியர் பெயரை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.