காரணம் காணுமுன் சாமானை மாற்றலாமா?

குடும்பத்துக்கென்று கார் வைத்திருப்பவர்களில், சில ஆண்டுகள் ஓடித் தேய்ந்த வண்டியின் அடியிலிருந்து என்றேனும் ஒரு நாள் எழும் ‘கட கட’ என்ற சப்தத்தைக் கேளாதவர் அரிது. அதைப் பாட்டின் ஒலியைக் கூட்டி மறைத்துவிட்டு மாதக் கணக்கில் ஓட்டுவோர் ஒரு சாரார். மறுநாளே ஒர்க்ஷாப்புக்கு விரைந்து, அங்கே நீட்டப்படும் எஸ்டிமேட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் தருவோர் மற்றொரு சாரார். இவ்விரு வழியும் பிழையானவை என்பதும், சப்தம் எந்த உறுப்பில் பிறக்கிறது என்று பரீட்சித்து நிச்சயிக்கும் வரையில் ஒரு சாமானைக்கூட மாற்ற அனுமதிக்கலாகாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்களைத் தாங்குவது, அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் வகுத்த ‘ஸ்ட்ரட்’ அமைப்பாகும்; 1983-இல் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாக விளங்கிய மாருதி 800-க்கும் முன்பக்கத்தில் அதுவே அமைந்திருந்தது. சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்க, அடியிலுள்ள லோயர் ஆர்ம் சக்கரத்தை இடம் பெயராமல் பிடித்துக்கொள்ள, ஸ்டெபிலைசர் பார் என்னும் வளைந்த கம்பி இரு பக்கங்களையும் இணைத்து, திருப்பங்களில் வண்டி அதிகமாகச் சாயாமல் காக்கிறது. இவை ஒன்றோடொன்று சேரும் இடங்களில் ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயிண்ட்டோ இருக்கும்; சப்தம் பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஆதலால், எந்தச் சந்தர்ப்பத்தில் சப்தம் கேட்கிறது என்பதைக் கவனித்துச் சொல்வது காரின் சொந்தக்காரருக்குரிய கடமை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கடகடத்து, இரு சக்கரங்களும் ஒருசேர வேகத்தடையில் ஏறும்போது அடங்கிவிடுமானால், அந்த வளைகம்பியைப் பிடித்திருக்கும் லிங்க் ராடின் மீது முதற் சந்தேகம் கொள்வது நியாயம். ஏனெனில், இரு பக்கமும் சமமாக ஏறி இறங்குகையில் கம்பி முறுக்கிக்கொள்வதில்லை. பிரேக்கை அழுத்தும்போதும் வண்டி புறப்படும்போதும் ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டல் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும், நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகினால் ஸ்ட்ரட்டின் தலைப்பிலுள்ள மவுண்ட்டையும் முதலில் பார்க்க வேண்டும். வெயிலில் கிறீச்சிட்டு மழையில் மௌனமாகும் சப்தம், பெரும்பாலும் காய்ந்துபோன ரப்பரினுடையது.

சந்தேகம் நிரூபணமாகிவிடாது. டிக்கியில் உருளும் ஜாக்கியும் ஸ்பானரும் இதே சப்தத்தைச் செய்யக்கூடுமாகையால், முதலில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது உத்தமம். பிறகு வண்டியைப் பத்திரமாக உயர்த்தி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பால் ஜாயிண்ட்டின் ஆட்டமும், இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் ஆட்டமும் புலப்படும். லிங்க் ராடைச் சோதிக்கையிலோ ஒரு நுட்பம் உண்டு: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடிப்பதால் தேய்மானம் மறைந்துவிடும். இரு சக்கரங்களும் சமமாகத் தொங்கும்போது லிங்க்கை விரல்களால் பற்றி ஆட்டினால், காதுக்கு எட்டாத தட்டலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சோதனைகள் அனைத்துக்கும் விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. நிதானமும் நல்ல வெளிச்சமும் ஓர் உதவியாளும் போதும்.

இவற்றைச் செய்யாமல் ஷாக் அப்சார்பர் ஜோடியை மாற்றிவிட்டு, அதன் விலையில் ஒரு சிறு பகுதியே பெறக்கூடிய லிங்க் ராடைப் பழையபடியே விட்டுவிட்டால், பணமும் போய்ச் சப்தமும் எஞ்சும். சரியான சாமானைக் கண்டுபிடித்த பிறகும் அவசரம் கெடுதல் செய்யும். சாதாரண ரப்பர் புஷ் பொருத்திய லோயர் ஆர்மை மாற்றுகையில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தின் மீது அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும் என்பதையும், வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும் என்பதையும் அலட்சியம் செய்யலாகாது.

இந்தக் குறைக்கு மெக்கானிக்குகளை மட்டும் பொறுப்பாளிகளாக்குவது அநியாயம். மாற்றிய சாமானுக்கு மறுப்பின்றிப் பணம் தரும் நாம், அரை மணி நேரம் வண்டிக்கடியில் படுத்துக் காரணத்தைக் கண்டறிந்தவருக்கு, ‘ஒன்றையும் மாற்றவில்லையே, எதற்குக் கூலி?’ என்று கேட்கிறோம். அறிவுக்கும் உழைப்புக்கும் விலையில்லாமல் சாமானுக்கு மாத்திரம் விலை இருக்குமிடத்தில், சாமான்கள் அதிகமாக மாற்றப்படுவதில் ஆச்சரியம் என்ன? பரிசோதனைக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதை ஒவ்வொரு ஒர்க்ஷாப்பும் வெளிப்படையான வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதை முகம் சுளிக்காமல் கொடுக்க நாமும் பழக வேண்டும். அவ்வாறு கொடுத்தவருக்கு, வண்டியை மெக்கானிக்கோடு சேர்ந்து ஓட்டிச் சப்தத்தைக் காட்டவும், தேய்ந்த இடத்தை நேரில் பார்க்கவும், கழற்றிய சாமானைத் திரும்பப் பெறவும் முழு உரிமை உண்டு.

எல்லாச் சப்தமும் ஆபத்தின் அறிகுறியல்ல. காய்ந்த புஷ்ஷின் முனகல் சில வாரங்கள் பொறுக்கும். ஆனால் ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால், ஓடும் வண்டியின் சக்கரம் நிலைகுலைந்து, ஓட்டுபவரின் கட்டுப்பாட்டையே மீறிப் போய்விடும். பொறுக்கக்கூடியது எது, ஒரு நாளும் பொறுக்கக்கூடாதது எது என்று பகுத்துச் சொல்வது பரிசோதனை ஒன்றே. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்பவர்கள், அந்தப் பரிசோதனைக்குரிய கூலியை வீண் செலவென்று எண்ணுவது விவேகமாகாது.