நடுப் போட்டியில் பதவிப் பேச்சு எதற்கு?

அணி களத்தில் நிற்கும்போது, பயிற்சியாளரின் பதவி நிலைக்குமா, பறிபோகுமா என்று நிர்வாகிகள் பத்திரிகைகளிடம் பேசலாமா? பேசக்கூடாது என்பதே நம் கருத்து.

2017-ம் ஆண்டு மே 25-ந் தேதி இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரியது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் பெங்களூருவைச் சேர்ந்த அனில் கும்ப்ளே. இங்கிலாந்தில் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி தொடங்க ஒரு வாரமே இருந்தது.

கும்ப்ளேயின் ஓராண்டு ஒப்பந்தம் அந்தப் போட்டியோடு முடிய இருந்தது உண்மைதான். புதிய ஆளைத் தேடும் உரிமையும் வாரியத்துக்கு உண்டு. ஆனால் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் நமது அணி இங்கிலாந்தை 4-0 என்றும், ஆஸ்திரேலியாவை 2-1 என்றும் டெஸ்ட் தொடர்களில் வென்றது. அப்படிப்பட்டவருக்கு இன்னும் நான்கு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

பிறகு நடந்ததை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தைவிட, கேப்டன் கோலிக்கும் கும்ப்ளேக்கும் மனக்கசப்பு என்ற செய்தியே பெரிதாகியது. ஜூன் 18-ந் தேதி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 180 ரன்களில் தோற்றோம். 20-ந் தேதி கும்ப்ளே விலகினார். தோல்விக்கு விளம்பரமே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த விளம்பரத்தால் அணிக்கு நன்மை ஏதும் விளையவில்லை.

சரி, பகிரங்கமாக ஆதரவு தெரிவித்தால்? அதே 2017-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து கழகம், பயிற்சியாளர் ரனியேரிக்கு முழு ஆதரவு உண்டு என்று பிப்ரவரி 7-ந் தேதி அறிவித்தது. முந்தைய ஆண்டு அந்தக் கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்தவர் அவர். 23-ந் தேதி அவரை நீக்கிவிட்டார்கள். பதினாறே நாளில் வாக்கு காற்றில் பறந்தது!

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் 2024 நவம்பரில், பயிற்சியாளர் நேப்பியர் நீடிப்பார் என்று அறிவித்தார். அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும், அதன்பின் அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வென்றது. எனவே அறிவிப்பால் ஒருபோதும் பயனில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் 2025 அக்டோபரில், மறு பருவத்தின் நடுவிலேயே, நேப்பியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மௌனம் சாதித்தால் வதந்தி பரவாதா என்று கேட்கலாம். அதற்கு வழி உண்டு. பருவம் முடிந்ததும் பரிசீலிப்போம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, யார் கேட்டாலும் அதையே பதிலாகச் சொல்லலாம். நீக்கியே தீரவேண்டிய நிலை வந்தால், முதலில் அவரை நேரில் அழைத்துச் சொல்லி, ஒப்பந்தப்படி சேரவேண்டிய பணத்தைக் கொடுத்து அனுப்பலாம்.

இது கோடிகளில் சம்பளம் வாங்குவோரின் பிரச்னை என்று தள்ளிவிட வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், அலுவலக நோட்டீஸ் பலகையில் கணக்கு குமாஸ்தாவின் வேலைக்கு ஆள் தேவை என்று ஒட்டினால் அவருக்குக் கணக்கில் மனம் செல்லுமா? உடன் இருப்பவர்கள்தான் அவர் சொல்லைக் கேட்பார்களா?

வேலை கொடுப்பவருக்கு, வேலையை விட்டு நீக்கும் உரிமையும் உண்டு. ஆனால் வேலை செய்து கொண்டிருப்பவரை ஊரறிய ஊசலாட விடும் உரிமை எவருக்கும் இல்லை. விளையாட்டு நிர்வாகிகள் இதை உணர வேண்டும்.