வேப்பிலை கட்டிய வீடும் மண்டபம் கேம்ப்பும்

ராமேஸ்வரம் ரயிலில் போனவர்களுக்கு ‘மண்டபம் கேம்ப்’ ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். இன்று கேம்ப் என்றால் இலங்கைத் தமிழர் முகாம்தான். பிரிட்டிஷ் காலத்தில் அது வேற மாதிரி. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்களை இங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மைத் தடுப்பூசி போட்டு, தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். 2020-ல் நாம் புதுசாகக் கற்றுக்கொண்ட ‘குவாரன்டீன்’ இந்தக் கரைக்குப் பழைய சமாசாரம்.

முகாமெல்லாம் இல்லாமலே குவாரன்டீன் நடத்திய ஊர்களும் இவை. வாசலில் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தால், ‘உள்ளே அம்மை போட்டிருக்கு’ன்னு அர்த்தம். யாரும் வர மாட்டாங்க, அந்த வீட்டு ஆட்களும் விசேஷங்களுக்குப் போக மாட்டாங்க. அம்மை கண்டவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு. அரிச்சா நகம் படக் கூடாது, வேப்பிலையால் தடவிக்கணும். தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. மீனவர் வீட்டில் மீன் இல்லாமல் பத்து நாள் இருப்பது லேசான விஷயமா! கொப்புளம் காய்ந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியைத் தலைக்கு ஊத்தின பிறகுதான் வெளியே வரலாம்.

மருத்துவக் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பரவும். நகம் பட்டால் புண் சீழ் பிடிக்கும். வேப்பிலை வைரஸைக் கொன்றதோ இல்லையோ, அதைச் சுற்றிப் போட்ட விதிகள் பரவலைக் குறைத்திருக்கும். ஒரு ஓட்டை உண்டு: கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே இது பரவ ஆரம்பித்துவிடும். அப்போது வாசலில் வேப்பிலை இருக்காது.

சிக்கல், ‘ஆத்தா கோவிச்சுக்குவா, மருந்து மாத்திரை கூடாது’ என்னும்போது வருகிறது. பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்துப் பேச்சு அது. அந்தப் பெரியம்மையைத் தடுப்பூசிதான் ஒழித்தது. 1977-ல் இந்தியா, 1980-ல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். சின்னம்மைக்கு இன்று அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது நிமோனியா வரை போகக்கூடும். ஆத்தா கோபம் தீரட்டும் என்று மூணு நாள் காத்திருந்தால் அந்த நேரம் போயே போச்சு.

இதை ‘மூடநம்பிக்கை’ என்று கிண்டலடித்து ரீல்ஸ் போடுவது சுலபம். ஆனால் சின்னம்மைத் தடுப்பூசி, அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இன்னும் இல்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து இரண்டு டோஸ் போடணும். படகு போனால்தான் காசு என்கிற வீட்டில், ரெண்டு பிள்ளைகளுக்கு அது எத்தனை நாள் கூலி?

உங்கள் பாட்டி வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அன்றைக்கே டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்க. காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துடாதீங்க.