ஏட்டுப் பிழை காட்டிய வழி

ஓர் ஊரிற் கொள்ளைநோய் புகுந்துவிட்டால் மக்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "இஃது எவ்வாறு வந்தது?" என்பதன்று; "இதனைக் கொண்டுவந்தவர் யார்?" என்பதே. முன்னையது காரணத்தைத் தேடுவது. பின்னையது பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுவது. எயிட்ஸ் நோயின் வரலாற்றிலும் இவ்விரு கேள்விகளும் எழுந்தன. பின்னைய கேள்வியால் ஒரு மனிதர் தாம் செய்யாத குற்றத்துக்கு, இறந்த பின்னரும், பல ஆண்டுகள் பழி சுமந்தார். அப்பழியைத் துடைத்தது, நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரசினுள்ளே எழுதப்பட்டிருந்த சாட்சியமேயாகும். அச்சாட்சியத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு வாசித்தனர் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அச்சுப்பொறி வருமுன்னர் எம் முன்னோர் நூல்களை ஏட்டில் எழுதிக் காத்தனர் என்பதை மாணவர் அறிவர். பழைய ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டிற் படியெடுப்பர். படியெடுப்பவரின் கை எங்காவது தவறும், ஓரெழுத்து மாறிவிடும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுபவர் அப்பிழையையும் அப்படியே எழுதுவார். தம் பங்குக்கு வேறொரு பிழையையும் சேர்ப்பார். ஆகவே, ஒரே பிழைகள் பல ஏடுகளிற் காணப்படின், அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை என ஊகிக்கலாம். கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள், பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தனர்.

எச்.ஐ.வி.யும் இத்தகைய ஓர் ஏடுதான். நான்கே வகை எழுத்துகளால், ஏறக்குறைய 10,000 எழுத்து நீளத்தில், அதன் பரம்பரைச் செய்தி அமைந்துள்ளது. மனித உயிரணுவுக்குட் புகுந்து அது தன்னைப் படியெடுக்கும்போது பிழை திருத்துவோர் எவருமில்லை. எனவே பிழைகள் விரைந்து சேர்கின்றன. எடுக்கப்பட்ட ஆண்டு தெரிந்த மாதிரிகள் பலவற்றை ஒப்பிட்டால், ஓராண்டிற் சராசரியாக எத்தனை பிழைகள் சேரும் எனக் கணக்கிடலாம். அவ்வேகம் தெரிந்துவிட்டால், இரண்டு வைரசுகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் கொண்டு அவற்றின் பொது மூதாதை எக்காலத்தது என்பதையும் மதிப்பிடலாம்.

எயிட்ஸ் நோய் 1981 இல் அமெரிக்காவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பாரிஸ் மாநகரின் பாஸ்டர் நிலையத்தார் 1983 இல் வைரசைக் கண்டறிந்தனர். ஆனால் வைரசோ மிகப் பழையது. ஆபிரிக்காவில், அந்நாளிற் பெல்ஜியக் கொங்கோவின் தலைநகராய் லியோபோல்ட்வில் எனப் பெயர்பெற்றிருந்த இன்றைய கின்ஷாசாவில், 1959 இல் எடுக்கப்பட்ட இரத்தத்திலும் 1960 இல் எடுக்கப்பட்ட நிணநீர்க் கணுவொன்றின் துண்டிலும் அதன் சுவடுகள் பிற்காலத்திற் காணப்பட்டன. மைக்கேல் வோரோபியும் அவர்தம் துணைவரும் 2008 இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். ஒரே நகரில், ஓராண்டு இடைவெளியில் எடுக்கப்பட்டவையாயினும் அவை பெரிதும் வேறுபட்டிருந்தன. அத்துணை பிழைகள் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். எனவே மூலவைரசு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டியது எனத் துணிந்தனர்.

காலம் தெரிந்தது, வழி தெரியவேண்டாமா? ஒக்ஸ்போர்ட், லூவென் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் முதலானோர், கொங்கோப் பகுதியின் மாதிரிகள் நூற்றுக்கணக்கானவற்றை, அவை எடுக்கப்பட்ட ஊரையும் ஆண்டையும் சேர்த்து ஆராய்ந்து, 2014 இல் முடிவை வெளியிட்டனர். உலகெங்கும் பரவிய வைரசுக் கிளையின் மூலம் 1920 ஆம் ஆண்டளவிற் கின்ஷாசாவில் இருந்தது என்பது அவர்கள் முடிபு. அதற்கும் முந்திய மூதாதை, தென்கிழக்குக் கமரூன் காடுகளின் சிம்பன்சிகளிடமிருந்து வந்தது என்பது 2006 இலேயே காட்டப்பட்டிருந்தது.

இங்கே வியப்பான செய்தியொன்றுண்டு. கின்ஷாசாவுக்கு நேரெதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ளது பிரசாவில். தென்கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது லுபும்பாசி. இவ்விரு நகரங்களையும் வைரசு ஏறக்குறைய ஒரே காலத்தில், 1937 ஆம் ஆண்டளவில், அடைந்தது. தூரத்தைக் குறுக்கியது புகையிரதப் பாதை. செம்பும் வைரமும் அகழ்வதற்காகக் குடியேற்ற ஆட்சியினர் ஆட்களைத் திரட்டினர். 1940 களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகையிரதத்தில் கின்ஷாசா வழியாகப் பயணஞ்செய்தனர். குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த ஆடவர் மலிந்த நகரங்களிற் பரத்தைமைத் தொழில் வளர்ந்தது. பிறநோய் தடுக்கும் வைத்திய முயற்சிகளில், கொதிநீரிற் செவ்வனே தூய்மை செய்யாத ஊசிகள் பலருக்கும் பயன்பட்டன. இவையும் வைரசுக்குத் துணைபோயின என ஆய்வாளர் கருதுகின்றனர்.

1960 இற் கொங்கோ சுதந்திரம் பெற்றபின், அங்கு ஆசிரியராகவும் பிற உத்தியோகங்களிலும் பணிபுரிய ஹெய்ட்டித் தீவினர் பலர் சென்றனர். அப்போக்குவரவின் வழியே வைரசு ஹெய்ட்டியையும், 1970 ஆம் ஆண்டையொட்டி நியூயோர்க்கையும் அடைந்தது என மதிப்பிடப்படுகிறது.

இனி, பழி சுமந்தவரின் கதைக்கு வருவோம். அவர் கனடா நாட்டு விமானப் பணியாளர். 1980 களில் நடைபெற்ற ஓர் ஆய்வில், கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் குறிக்க அவருக்கு ஆங்கில 'ஓ' எழுத்து இடப்பட்டது. அதனைப் பூச்சியம் எனப் படித்தனர். பூச்சியமே தொடக்கம் என்றாயிற்று. அவர் 1984 இற் காலமானார். 1987 இல் வெளிவந்த நூலொன்று அவர் பெயரை உலகறியச் செய்தது. ஓரெழுத்தைப் பிழைபடப் படித்ததால் வந்த வினை! 2016 இல் வோரோபி குழுவினர், 1978, 1979 ஆம் ஆண்டுகளிற் சேமிக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளோடு அவருடைய வைரசையும் ஒப்பிட்டனர். அது மரத்தின் வேரில் இல்லை. பல கிளைகளின் நடுவே ஒன்றாய் இருந்தது. அவருக்கு முன்னரே வைரசு அமெரிக்காவில் பல ஆண்டுகள் உலவியிருந்தது.

இவ்வாய்வை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு ஏடுகள் உறவுடையன என்று காட்டலாமேயன்றி, ஒன்றைப் பார்த்தே மற்றது எழுதப்பட்டது என உறுதிகூற இயலாது. இடையிலே காணாமற்போன ஏடுகள் இருக்கலாம். ஆகவே ஆளைவிட்டு ஊரையோ நாட்டையோ பழிப்பதற்கும் இங்கு இடமில்லை. ஹெய்ட்டி மக்களும் ஒருகாலத்தில் அவ்வாறு பழிக்கப்பட்டவர்களே.

இன்று இந்நோய்க்கு நல்ல மருந்துண்டு. ஒழுங்காக உட்கொண்டு, வைரசு சோதனையிற் புலப்படாத நிலையை எய்தி, அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவால் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் மருந்தைப் பெறுவதற்குச் சோதனைக்கு வரவேண்டும். பழிக்கு அஞ்சி மறைந்திருப்பவர் வரமாட்டார். "கொண்டுவந்தவர் யார்?" என்று கேட்கும் ஊரில் நோயாளி ஒளிந்துகொள்வார்; "எவ்வாறு வந்தது?" என்று கேட்கும் ஊரில் வைத்தியரை நாடி வருவார்.