எனக்கும் 75,000, நாள் முழுக்க அலைகிறவனுக்கும் 75,000

கடையநல்லூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். காலையில் பால் வாங்க வண்டியை எடுத்தால் சரி, அதோடு நிறுத்திவிடுவேன். புதிய வரிமுறையில் எனக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். தென்காசி, புளியங்குடி, சங்கரன்கோவில் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்கிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கும் அதே 75,000 தான். இது சமத்துவம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டுகிற சம்பளக்காரருக்கு 1974 வரை தனியாகக் கழிவு இருந்தது. அந்த வருட நிதிச் சட்டத்தில் அதை நிலையான கழிவுக்குள் கரைத்தார்கள். 2005-ல் அந்த நிலையான கழிவையும் எடுத்துவிட்டார்கள். 2018-ல் 40,000 என்று திருப்பிக் கொடுத்தபோது கைதட்டினோம். ஆனால் மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கும், வருடம் 15,000 ரூபாய் மருத்துவச் செலவுக்கும் இருந்த விலக்கு அன்றோடு போயிற்று. 34,200-ஐ எடுத்துக்கொண்டு 40,000 கொடுத்தார்கள். அதே பட்ஜெட்டில் செஸ் 3-லிருந்து 4 சதவீதம் ஆனது!

கடை முதலாளியின் கார் கடை வேலைக்கு ஓடினால் பெட்ரோல், இன்சூரன்ஸ், கடன் வட்டி எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். தேய்மானம் வேறு வருடம் 15 சதவீதம். வியாபாரிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நியாயமான கணக்கு. அந்த நியாயம் சம்பளக்காரனுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன். பெட்ரோல் போடும்போதே கலால் வரி, வாட் வரி கட்டித்தானே போடுகிறான்?

"12 லட்சம் வரை வரியே இல்லையே சார்" என்பீர்கள். அந்த எல்லையில்தான் சங்கதியே இருக்கிறது. ஒரே கம்பெனியில் இரண்டு பேருக்கு வருடம் 14 லட்சம் என்று வையுங்கள். இருவருமே வேலைக்காக அலைவதில் வருடம் 1,25,000 செலவழிக்கிறார்கள். ஒருவருக்கு அந்தத் தொகையைப் பயணப்படி என்று தனியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வேலைக்காக உண்மையில் செலவான அளவுக்கு அந்தப் படிக்கு விலக்கு உண்டு, புதிய முறையிலும் உண்டு. 75,000-ம் போக வருமானம் 12 லட்சம், வரி பூஜ்யம். இன்னொருவருக்கு முழுவதும் சம்பளம் என்றே சீட்டில் போடுகிறார்கள். அவருக்கு வரி 78,750, செஸ்ஸோடு 81,900 ரூபாய். அதே வண்டி, அதே ரோடு, அதே வெயில்! சம்பளச் சீட்டில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அந்த வரியைப் போடுவதும் போடாததும் முதலாளி இஷ்டம்.

வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய்வருவது இந்தக் கணக்கில் சேராது. அதை நான் இங்கே கேட்கவும் இல்லை. வேலை நேரத்தில் வேலைக்காக ஓடுகிற ஓட்டத்தைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் முதலாளி கொடுக்கும் மைலேஜ் படி அரசு விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், மீதிக்கு ஊழியரே வரிக்கழிவு கேட்கலாம். இங்கே கைக்காசு போட்டால் போட்டதுதான்.

இதற்கிடையில் "பெட்ரோல் பில் கொண்டாங்க, ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்" என்று சில பேர் கிளம்பியிருக்கிறார்கள். படி வாங்காத சம்பளக்காரர் பில்லைக் காட்டிக் கழிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. இல்லாத கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருகிற இடைத்தரகர்களைத் தேடி 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது. மாட்டினால் ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் வரும். கட்டப்போவது நீங்கள், அவர் இல்லை.

என்னிடம் படித்துவிட்டு இன்று மேனேஜர், ஹெச்.ஆர். என்று உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் ஆட்களின் சம்பளச் சீட்டில் அந்த ஒரு வரியைப் போடுங்கள். கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. அலைகிறவர்கள் தேதி, போன இடம், கிலோமீட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பில்லோடு. பட்ஜெட்டுக்கு முன்னால் மனு கொடுக்கிற ஊழியர் சங்கங்கள் வரம்பை உயர்த்தச் சொல்லி மட்டும் கேட்காமல், 1974-ல் எடுத்த அந்தக் கழிவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.