அனுங்கினால் மீன்தலை

எங்கட ஜிம்மி குலைக்கிற நாய் இல்லை, அனுங்குகிற நாய். யாழ்ப்பாணத்தில் விரிவுரை முடிந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினால், படலையடியிலேயே தொடங்கிவிடும். சாப்பிட உட்கார்ந்தால் அனுங்கும். போனை எடுத்தால் அனுங்கும். புத்தகத்தை விரித்தால் முன்னங்காலால் மடியைச் சுரண்டி அனுங்கும்.

அயலில் இதற்குச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "நாலு அடி போடுங்கோ, அடங்கும்." சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. ஏ9 வீதியோரம் எலும்பும் தோலுமாக அலைகிற நாய்களில் எத்தனை இப்படிக் 'கரைச்சல்' என்று விடப்பட்டவையோ. இரண்டிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. அதை அனுங்கப் பழக்கியதே நாங்கள்தானே.

அனுங்கும், "சும்மா கிட" என்று தள்ளுவோம். திரும்ப அனுங்கும், கத்துவோம். பத்தாவது தரம் பொறுக்கேலாமல் ஒரு துண்டு பாண் எறிவோம். தள்ளுவதும் கத்துவதும்கூட அதற்கு ஒருவகைக் கவனிப்புத்தான், பாண் அதற்கு மேலதிகம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியதும் இதைத்தான். 1957 இல் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து இதைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதினார். கொத்துகிற ஒவ்வொரு தரமும் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றால் கெதியாகக் கைவிட்டுவிடும். எப்ப விழும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைத்துப் பழகிய புறா லேசில் விடாது. கிழமைக்குக் கிழமை லொத்தர் சீட்டு எடுக்கிற எங்கட மாமாமாரும் அந்தப் புறாதான்.

அப்ப கவனிக்காமல் விட்டால் சரியா? சரி. ஆனால் முதலில் அனுங்கல் கூடும், "முந்தி வேலை செய்ததே" என்று இன்னும் உரக்கக் கேட்கும். அந்த நேரம் பார்த்து ஒராள் இரங்கிவிட்டால் எல்லாம் பாழ், உரக்க அனுங்கினால்தான் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும்.

எங்கட வீட்டில் இரங்குகிற ஆள் அம்மம்மா. 2008 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு, உழவு மெசினில் சாமான் ஏற்றித் தருமபுரம் பக்கம் போயிருக்கிறார்கள். அது கொஞ்சத் தூரம் அனுங்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்ததாம். எங்களுக்கு அப்போது நினைவு சரியாகத் தெரியாத வயது. அவவுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் கிடக்கிறது. ஜிம்மி அனுங்கினால் அவவின் கை தானாகக் கறிச்சட்டிக்குள் போய் மீன்தலையை எடுக்கும். அவவிடம் போய் ஸ்கின்னரைப் பற்றி வகுப்பெடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

"குடுக்காதையுங்கோ" என்று சொல்லேலாது. "அது பேசாமல் கிடக்கேக்கை குடுங்கோ அம்மம்மா" என்று சொல்லலாம். சொன்னோம். மீன்தலை அதே மீன்தலை, நேரம் மட்டும் மாறியது. ஜிம்மி வாய் மூடி, வயிறு நிலத்தில் படக் கிடந்தால் உடனே கிடைக்கும். முதலில் இரண்டு செக்கன் போதும், பிறகு பத்து, பிறகு நாங்கள் சாப்பிட்டு முடியுமட்டும். பின்னேரம் குளக்கட்டுவரை ஒரு நடையும் கூட்டிக்கொண்டு போனோம். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு அனுங்குவதைவிட வேறென்ன வேலை?

ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. இப்போது சாப்பாட்டு நேரம் ஜிம்மி விறாந்தைத் தூணடியில் படுத்துக்கொண்டு அம்மம்மாவின் கையையே பார்க்கும். வார இறுதியில் வருகிற சித்தப்பா மட்டும் இன்னும் களவாக எறிகிறார், அவரைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் எல்லா அனுங்கலும் கவனத்துக்கு அல்ல. தண்ணிச் சட்டி கவிழ்ந்திருக்கும், காதுக்குள் உண்ணி ஏறியிருக்கும், சங்கிலி மரத்தைச் சுற்றி இறுகியிருக்கும். போன மாதம் ஒருநாள் சாமம், வழமையில்லாத மாதிரி அனுங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கிணற்றடியில் புடையன். அடித்து அடக்கியிருந்தால் அன்றைக்கு அது வாயே திறந்திராது. அதனால் இரவில் ஜிம்மி அனுங்கினால் இப்பவும் எங்களில் ஒராள் எழும்பிப் போய்ப் பார்ப்போம். மீன்தலை மட்டும் கொண்டுபோவதில்லை.